பாரிவாக்கம் பிரெஞ்சுக் காரின் பதினான்கு போல்ட்டுகள்

நாள் 14.2.1992, வெள்ளிக்கிழமை, காலை மணி 11.10.

பெயர் வே. அந்தோணிராஜ். வயது 25. தகப்பனார் பெயர் வேதமுத்து, ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படிப்பு, மெக்கானிக்கல் டிப்ளமோ. தொழில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் தரப் பரிசோதகர். விலாசம், கதவு எண் 11, ஏரிக்கரைத் தெரு, திருநின்றவூர்.

நான் மேற்படி விலாசத்தில் பெற்றோருடனும் தங்கை அருள்செல்வியுடனும் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். நேற்று மாலை இதே காவல் நிலையத்தில், இதே மேசையில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். பாரிவாக்கம் தாட்சாயிணி அம்மாளின் பழைய பிரெஞ்சுக் காரில் இருந்த அசல் சாமான்களை, அந்தக் காரைப் பார்த்துக்கொள்ளும் துலுக்கானம், வயது சுமார் 60, கழற்றி விற்றுவிட்டு அந்த இடத்தில் உள்ளூர் சாமான்களை மாட்டியிருக்கிறார் என்று அதில் சொன்னேன். அதை வைத்து இன்று பிற்பகல் அவரை கோர்ட்டில் ஆஜர்படுத்தப் போவதாகத் தெரிகிறது. நான் சொன்னது தவறு. எப்படித் தவறு என்று சொல்வதற்காக, யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்டால் வரிசை கலைந்துவிடும் என்று எழுத்தரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இந்த மாதம் 4-ந் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் குணசேகரன் என்பவர், வயது சுமார் 45, எங்கள் பட்டறைக்கு வந்தார். பழைய கார்களை வாங்கி விற்கும் தரகர் என்று சொன்னார். எங்கள் முதலாளி பாஸ்கரன் என்னைக் காட்டி, "இவன் பெத்த அப்பனையே வெர்னியர் வெச்சுப் பாத்துட்டுத்தான் நம்புவான்" என்று அறிமுகம் செய்தார். அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளலாம். பாரிவாக்கத்தில் 1911-ம் வருடத்துப் பிரெஞ்சுக் கார் ஒன்று விலைக்கு இருப்பதாகவும், தான் அதை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை என்றும், எது அசல், எது பின்னால் மாட்டியது என்று படித்தவர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் பம்பாயில் வாங்குகிறவர் நம்புவார் என்றும் குணசேகரன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

9-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். பன்னிரண்டு மணிக்கு ஆவடியில் மண்டபத்தில் இருக்க வேண்டும். ஒப்புக்கொண்ட வேலை என்பதால் காலைப் பூசை முடிந்ததும் டி.வி.எஸ். 50-ல் நேராகப் பாரிவாக்கம் போனேன். நிச்சயதார்த்தத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேண்டும் போட்டிருந்தேன். சட்டை விவரம் தேவையா என்று எழுத்தர் கேட்டார். தேவை. இந்த வழக்கே அந்தச் சட்டையில்தான் இருக்கிறது.

குணசேகரன் எனக்கு முன்பே வந்து கேட்டில் நின்றுகொண்டிருந்தார். தாட்சாயிணி அம்மாள், வயது 71, தனியாக இருக்கிறவர். அவர் எங்களை வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டுக்கு அனுப்பினார். சாவி துலுக்கானத்தின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறந்தார். உள்ளே போகும்போது, "ஷூவ கயட்டிட்டு வா நைனா, தரைல மணல் வந்தா வண்டிக்கு ஏறும்" என்றார். நான் கழற்றவில்லை. அவர் துடைப்பம் எடுத்து வந்து என் பின்னாலேயே பெருக்கிக்கொண்டு வந்தார்.

காரின் பெயர் டெலோனே-பெல்வில். முன்பக்கம் மற்றக் கார்கள் மாதிரி சதுரமாக இல்லாமல் ரயில் இன்ஜின் பாய்லர் மாதிரி உருண்டையாக இருக்கும். நான்கும் மரச் சக்கரங்கள். பின்பக்கம் பல்லக்கு மாதிரி கதவு வைத்த தேக்குப் பெட்டி, கரும்பச்சைப் பெயிண்ட், கண்ணாடியை ஏற்றி இறக்கத் தோல் வார், உள்ளே உட்கார்ந்தபடி டிரைவரோடு பேசப் பித்தளைக் குழாய். முன்னால் இரண்டு பெரிய பித்தளை விளக்குகள். எல்லாம் இருந்தது. தூசி மட்டும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. யாரோ கை வைத்துக்கொண்டே இருந்தால் ஒழிய, எண்பது வருடத்துச் சாமான் இந்த நிலையில் இருக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பு சரி. யார் எதற்குக் கை வைத்தார்கள் என்பதில்தான் பிசகினேன்.

அதன் பிறகு விளக்குத் தாங்கியின் போல்ட்டைக் கழற்றப் போனேன். என்னிடம் இருந்தவை எல்லாம் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். பதின்மூன்று நுழையவில்லை, பதினான்கு போட்டால் வழுக்கியது. உடனே குணசேகரன் தன் ரெக்சின் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு ஸ்பேனரை எடுத்து, "இத போட்டுப் பாருங்க தம்பி" என்று கொடுத்தார். அது இரண்டு முனையும் உள்ள ஸ்பேனர், ஒரு முனை கால் இஞ்ச், மறு முனை 5/16 இஞ்ச், பழைய இங்கிலீஷ் அளவு; அதில் எண் போல்ட்டின் தலைக்கு அல்ல, தண்டுக்கு. கால் இஞ்ச் முனை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. போல்ட்டைக் கழற்றி, மரை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்தேன். இஞ்சுக்கு இருபது மரை. பிரான்ஸ் மில்லிமீட்டர் அளவு பிறந்த நாடு. அங்கே செய்த காரில் இஞ்ச் போல்ட்டுக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றியது. மேலும் அந்தப் போல்ட் தலையின் மூலைகளில், நான் தொடுவதற்கு முன்பே, புதிதாக ஸ்பேனர் பட்டுப் பளிச்சென்ற தடம் இருந்தது.

இதை யார் கழற்றினது என்று துலுக்கானத்தைக் கேட்டேன்.

"நான் ஸ்பேனர் புடிச்சதே இல்ல நைனா. தொடைக்கறதுதான் என் வேல."

"அப்ப பல்லி வந்து திருப்பிட்டுப் போச்சா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அடி மட்டும்தான் சீமைலேர்ந்து கப்பல்ல வந்துது. மேல கீற பெட்டி மெட்ராஸ்ல கட்டினது. இந்த ஊட்ல எல்லாருக்கும் தெரியும். நின்னுகினே பாத்தா இன்னா தெரியும்? அடியில பூந்து பாரு, அப்பால பேசு" என்றார்.

மாட்டிக்கொண்டவன் கதை கட்டுகிறான் என்று எனக்குப் பட்டது. இருந்தாலும் குனிந்தேன். அப்போது குணசேகரன் என் தோளைத் தொட்டு, "வேணாம் தம்பி, நிச்சயதார்த்தச் சட்டை. மேல பாத்ததே போதும்" என்றார். தரையில் கிரீஸ் இருந்தது. மணி பத்து இருபது. நான் நிமிர்ந்துவிட்டேன்.

நின்றபடி கை எட்டிய போல்ட்டுகள் மொத்தம் பதினான்கு. விளக்குத் தாங்கிகளில் எட்டு, கதவுக் கீல்களிலும் படிக்கட்டிலும் ஆறு. எட்டுக்கும் அந்த ஸ்பேனரின் ஒரு முனை, ஆறுக்கும் மறு முனை. பதினான்கும் இஞ்ச். பின் சீட்டில் ஒரு தகர டப்பா இருந்தது, அதில் கறுப்பாக ஏதோ துணியில் சுற்றியிருந்தது. நான் எடுக்கப் போனதும் துலுக்கானம் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அதையும் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு 11-ந் தேதி குணசேகரன் பட்டறைக்கு வந்து, பெட்டி, விளக்கு, கதவு எதுவும் அசல் இல்லை, அசல் சாமான்கள் சமீபத்தில் மாற்றப்பட்டிருக்கின்றன என்று என் கையால் எழுதி வாங்கிக்கொண்டார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. போகும்போது, "அந்த ஸ்பேனர் எங்க தம்பி?" என்று கேட்டார். அது தவறுதலாக என் பெட்டியில் வந்துவிட்டது, வீட்டில் இருக்கிறது என்றேன். நேற்று இந்த நிலையத்து வாசலிலும் மறுபடி அதையே கேட்டார். ஒரு சாதாரண ஸ்பேனருக்கு இவ்வளவு தேடலா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நேற்று 13-ந் தேதி காலை, என் காகிதத்தை குணசேகரன் காட்டிய பிறகு, தாட்சாயிணி அம்மாள் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். துலுக்கானம் அழைத்து வரப்பட்டார். அவர் வீடு சோதனை போடப்பட்டது. மாலை நான் வந்து வாக்குமூலம் கொடுத்தேன். துலுக்கானம் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததையும் குற்றம் செய்தவரின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன். பதினான்கு மட்டும் போதாது, காரில் மாற்றப்பட்டவை எல்லாவற்றுக்கும் முழுப் பட்டியல் வேண்டும், கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். இன்று காலைக்குள் தருகிறேன் என்றேன்.

அந்தப் பட்டியலுக்காகத்தான் இன்று காலை ஆறே முக்காலுக்குப் பாரிவாக்கம் போனேன். பட்டறைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஷெட் சாவி இப்போது தாட்சாயிணி அம்மாளிடம் இருந்தது. அவர் இரவு தூங்கினவர் மாதிரி தெரியவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றார். "வண்டியில எத்தன திருகாணி இருக்குன்னு நான் ஒரு நாளும் எண்ணினதில்ல தம்பி. அவன் இருக்கான்னு எண்ணாம விட்டுட்டேன். நல்லா எண்ணிட்டு வாங்க" என்றார்.

அதன் பிறகு சாக்கு விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன்.

முதலில் சேஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் உட்காரும் இரும்பு அடிச்சட்டம். சேஸில் இன்ஜினைத் தாங்கும் போல்ட்டில் என் பதினேழு மில்லிமீட்டர் ஸ்பேனர் சிக்கென்று உட்கார்ந்தது. மரை ஒன்றரை மில்லிமீட்டர். அடுத்ததும் அப்படியே. சேஸில் மட்டும் இருபத்திரண்டு போல்ட் பார்த்தேன். ஒன்றுகூட இஞ்ச் இல்லை. அதன் பிறகு பெட்டி. பெட்டியின் அடியில் பார்த்த அத்தனையும் இஞ்ச், ஒன்றுகூட மில்லிமீட்டர் இல்லை. இரண்டும் கலக்கவே இல்லை. திருடுகிறவன் வெளியே தெரிவதை மாற்றுவான். மண்ணும் கிரீஸும் மூடி, எண்பது வருடமாக யாரும் பார்க்காத இடத்தில், பார்த்துப் பார்த்து மாற்ற மாட்டான்.

போல்ட்டை மாற்றலாம், ஓட்டையை மாற்ற முடியாது. மரத்தில் பதித்த இரும்புத் தகடுகளில் மரை வெட்டியிருந்தது. அதுவும் இருபது மரைதான். எந்தத் தகட்டிலும் ஓட்டை இரண்டாம் முறை போட்ட அடையாளம் இல்லை. பெயிண்ட், போல்ட் தலையிலிருந்து தகடு, தகட்டிலிருந்து மரம் என்று ஒரே பூச்சாக ஓடியிருந்தது. டார்ச் அடித்தபோது தேக்குச் சட்டங்கள் சேரும் மூலைகளில் உளியால் கொத்திய குறிகள் தெரிந்தன. முதலில் பூச்சி அரித்தது என்று நினைத்தேன். துணியால் துடைத்தேன். தமிழ் எண்கள். சேர வேண்டிய இரண்டு மரத்திலும் ஒரே எண். ௧-க்கு ௧, ௨-க்கு ௨. அதில் பலது எனக்குப் படிக்கத் தெரியாது. பஞ்சாங்கத்தில் பார்த்த பழக்கத்தில் ஒன்பது வரைக்கும் தெரியும். தெரிந்த வரைக்கும் விடுபடாமல், மாறாமல் வரிசையாக இருந்தன. பிரான்சில் எந்தத் தச்சனும் தமிழ் எண் கொத்த மாட்டான்.

வெளியே வந்து தாட்சாயிணி அம்மாளிடம், இந்தப் பெட்டி எங்கே கட்டியது என்று கேட்டேன். "மெட்ராஸ்லதான். சேஸ் மட்டும் கப்பல்ல இறங்கிச்சு. எங்க மாமனார் தினமும் போய் நின்னு, ஒசரம் பாத்து, தலப்பா இடிக்காம கட்டச் சொன்னாராம். கட்டினவங்க ரசீதுகூட பீரோவுல இருக்கு" என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். "நீங்க படிச்சவங்க. யாரும் என்னைக் கேக்கலியே தம்பி" என்றார். ரசீதை எடுத்து வந்து காட்டினார். அதை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

ஆக, நான் கண்டுபிடித்தது திருட்டு அல்ல. ஒரு கார் எண்பது வருடமாக அப்படியே இருக்கிறது என்பதைத்தான். அதற்காக, அதை அப்படியே வைத்திருந்தவரைப் பிடித்துக் கொடுத்தேன்.

பிறகு அம்மாள் இன்னொன்று சொன்னார். போன கார்த்திகையில் துலுக்கானம் கண் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, காலண்டருக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் வந்தார்கள், தானே சாவியைக் கொடுத்தேன், அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஷெட்டில் இருந்தார்கள் என்றார். முகம் ஞாபகமில்லை என்கிறார். காலண்டரும் வரவில்லை.

அப்போதுதான் அந்த ஸ்பேனர் எனக்கு உறைத்தது. காரைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சொன்ன மனிதர், அந்தக் காருக்குத் தேவையான இரண்டு அளவும் உள்ள ஒரே ஸ்பேனரை எப்படிக் கொண்டு வந்தார்? பிரெஞ்சுக் கார் என்று கேள்விப்பட்டால் நான் செய்த மாதிரி மில்லிமீட்டர் ஸ்பேனர்தான் எடுத்து வர வேண்டும். இந்த அளவு இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பதும் இல்லை.

சுமார் ஒன்பது மணிக்கு குணசேகரன் ஒரு லாரியோடும் நான்கு கூலிகளோடும் வந்தார். பெட்டி போலி என்பதால் அதை விறகுக் கழிவாகத் தான் எடுத்துக்கொள்வதாகவும், சேஸை மட்டும் பிறகு விலை பேசலாம் என்றும் அம்மாளிடம் நேற்றே பேசி முடித்திருக்கிறார். கூலிகள் கயிறும் பழைய மெத்தைகளும் கொண்டு வந்திருந்தார்கள். விறகுக்கு மெத்தை எதற்கு என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நீங்க இந்த வண்டிய முன்னாடி பாத்ததில்லன்னீங்களே. அந்த ஸ்பேனர் எப்படி சார் பையில வந்துச்சு?"

"பழைய வண்டி பாக்கப் போறவன் எல்லா ஸ்பேனரும்தான் எடுத்துட்டுப் போவான் தம்பி."

"எல்லாம் இல்ல. ஒண்ணே ஒண்ணு. துணியில சுத்தி."

சிரிப்பு நின்றது. என்னை லாரிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு, "காயிதத்துல இருக்கற கையெழுத்து உன்னுது. ஸ்டேஷன்ல சொன்னவனும் நீ. நான் எங்கயாவது வாயத் தொறந்தனா? இன்னிக்கு மாத்திப் பேசினா உன்னத்தான் உள்ள வெப்பாங்க. தங்கச்சி கல்யாணம் வேற வெச்சிருக்க, பாத்து நடந்துக்க" என்றார். இந்த வார்த்தைகளைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். லாரி டிரைவர் காதில் விழுந்திருக்கும். லாரி எண்ணைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

தாட்சாயிணி அம்மாள் ஷெட்டைப் பூட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். லாரி காலியாகத் திரும்பியது. நான் திருநின்றவூர் போய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, சட்டை மாற்ற நேரமில்லாமல் அப்படியே இங்கே வந்தேன்.

குணசேகரன் திருட வந்தார் என்று நான் சொல்லவில்லை. நேற்று அளக்காததைச் சொல்லித்தான் இவ்வளவும் ஆனது. இன்று அளந்ததை மட்டும் சொல்கிறேன். போல்ட் தலைகளில் நான் தொடுவதற்கு முன்பே இருந்த தடம், இந்த ஸ்பேனரின் வாயில் உள்ள சிறு பிசிறோடு பொருந்துகிறதா என்று தகுந்தவர்களை வைத்துப் பார்க்கலாம். நேற்று துலுக்கானத்தின் வீட்டில் கைப்பற்றிய சாமான்களின் பட்டியலை இன்று படித்துக் காட்டச் சொன்னேன். பழைய வேட்டித் துணி நான்கு, தேங்காய் எண்ணெய்ப் புட்டி ஒன்று, தகர டப்பா ஒன்று. ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை. தகர டப்பா நான் காரில் பார்த்த அதே டப்பா. அது இங்கேதான் அலமாரியில் இருந்தது. எழுத்தர் முன்னிலையில் திறந்து பார்த்தோம். துணிக்குள் இருந்தது பித்தளை தேய்க்கும் பழம்புளி.

என் முதல் வாக்குமூலத்தையும் 11-ந் தேதி எழுதிக் கொடுத்த காகிதத்தையும் நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொய் சொன்னதாக என் மேல் வழக்குப் போடுவதானால் போடலாம். அதற்கும் இதே விலாசம்தான். பிற்பகல் கோர்ட்டில் இதையே சொல்லவும் தயார். அவரை அழைத்துப் போகும் வண்டியில் இடம் இல்லையென்றால் நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

ஏன் இவ்வளவு பெரிய தவறு நடந்தது என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். வெள்ளைச் சட்டை என்றேன். அவருக்குப் புரியவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த துலுக்கானத்துக்குப் புரிந்தது. நான் உள்ளே வந்ததிலிருந்து அவர் என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு முழுக்க கிரீஸும் மண்ணும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நேற்று முழுவதும் வாய் திறக்காதவர் இப்போது பேசினார்.

"இன்னா நைனா, ஒருவழியா அடியில பூந்துட்டியா?"

ஆமாம் என்றேன்.

"ஷூவ கயட்டினியா?"

கழற்றினேன் என்றேன். அது உண்மை.

மேலே உள்ளது அத்தனையும் நான் சொன்னதுதான். படித்துக் காட்டக் கேட்டு, அளவுகள் இரண்டு இடத்தில் பிசகியிருந்ததை என் கையால் திருத்திச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. மிரட்டியவர் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் மிரட்டினார். இவ்வளவும் உண்மை. இந்த முறை அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஒப்பம்
வே. அந்தோணிராஜ்
14.2.92

இணைப்பு: இரட்டை முனை ஸ்பேனர் ஒன்று. பெட்டி கட்டிய ரசீது ஒன்று. லாரி எண் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று.